ஒரே ஓர் இடம் மிச்சம் இருந்தால் யாருக்கு? ஹால் ஆஃப் ஃபேமுக்கு வெளியே நிற்கும் ஐந்து பெயர்கள்

இசை கேட்கும் நண்பர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு எப்படியும் வந்துவிடும். "அவரை எப்படி விட்டார்கள்?" என்று ஒருவர் தொடங்குவார். உடனே இன்னொருவர் வேறொரு பெயரை எடுத்துவிடுவார். அரை மணி நேரத்தில் முப்பது பெயர் சேர்ந்துவிடும். அதுவரை எந்தச் சிக்கலும் இல்லை. "சரி, ஒருவரைத்தான் சேர்க்க முடியும் என்றால் யார்?" என்ற கேள்வி வரும்போதுதான் பேச்சு நின்றுபோகும். அங்கே நின்றுபோனவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரத்தில் இருக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமை, அதாவது இசைக்கலைஞர்களின் பெயரைச் சேர்த்துக் கௌரவிக்கும் புகழ்மண்டபத்தை, அளவாக வைத்துக்கொள்கிறேன். 1983இல் தொடங்கிய அமைப்பு அது. முதல் தொகுதி கலைஞர்களை 1986இல் சேர்த்தார்கள், அருங்காட்சியகம் 1995இல் திறந்தது. முதல் இசைத்தட்டு வெளியாகி 25 ஆண்டுகள் ஆகியிருந்தால் ஒருவர் பெயரைப் பரிசீலிக்கலாம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட இசைக்கலைஞர்கள், வரலாற்றாளர்கள், இசைத்துறையினர் வாக்களிப்பார்கள். ரசிகர்களும் வாக்களிக்கலாம். ஆனால் லட்சக்கணக்கான ரசிகர் வாக்குகள் எல்லாம் சேர்ந்து ஒரே ஒரு வாக்குச்சீட்டாகத்தான் எண்ணப்படும். 2021இல் நைஜீரியாவின் ஃபெலா குட்டி ரசிகர் வாக்கில் இரண்டாம் இடம் பிடித்தார். அந்த ஆண்டு அவருக்கு இடம் கிடைக்கவில்லை.

இதைத் தவிர ஒரு பக்கவாசலும் உண்டு. முன்னோடிகளுக்கும், பின்னணியில் வாசித்தவர்களுக்கும் தனிப் பிரிவுகள் வைத்திருக்கிறார்கள். அவற்றுக்குப் பொது வாக்கெடுப்பு கிடையாது, குழு ஒன்று கூடித் தேர்ந்தெடுக்கும். கீழே நான் சொல்லும் ஐவரும் உள்ளே போவதாக இருந்தால் பெரும்பாலும் இந்த வழியாகத்தான் போவார்கள். 2025 வரையிலான பட்டியலில் இந்த ஐந்து பெயர்களும் இல்லை.

## எதை வைத்து எடை போடுவது

பெயர்களை எடுப்பதற்கு முன்னால் தராசைச் சரிசெய்துகொள்வோம். பிடித்த பாட்டை வைத்து மட்டும் பேசினால் இந்த விவாதம் எந்த நாளும் முடியாது. நான் நான்கு கேள்விகளைக் கேட்கிறேன்.

முதலாவது, இவர் வாசித்திருக்காவிட்டால் பின்னால் வந்த இசை வேறு மாதிரி ஆகியிருக்குமா? அதைக் காதால் கேட்டுக் காட்ட முடிய வேண்டும். "பலருக்கு ஊக்கம் தந்தவர்" என்று பொதுவாகச் சொன்னால் போதாது.

இரண்டாவது, ஏன் விடுபட்டார்? காலம் கூடிவராமல் போவது ஒன்று. உழைப்பை எடுத்துக்கொண்டு பெயரை விட்டுவிடுவது வேறொன்று. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

மூன்றாவது, வேறு வழியில் அவருக்கு உரியது கிடைத்துவிட்டதா? கேட்பவர்களின் அன்பும் அதில் சேர்த்திதான்.

நான்காவதை யாரும் பேசுவதில்லை. இவரை உள்ளே விட்டால் வேறு யார் வெளியே தள்ளப்படுவார்? ஒவ்வொரு தேர்வுக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு விலை உண்டு.

விற்பனை எண்ணிக்கையை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். விற்றவர்களுக்கு அதற்கான பலன் விற்ற அன்றே கிடைத்துவிட்டது.

## கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட்: அடி தெரியும், ஆளைத் தெரியாது

1943இல் டென்னசி மாநிலத்தின் சட்டநூகாவில் பிறந்தவர். டிரம்ஸ் வாசிக்க யாரிடமும் போய்க் கற்கவில்லை. ஊரின் தொழிற்சாலை இயந்திரங்களும் ரயிலும் எழுப்பிய தாளத்தைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர். 1965இல் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் குழுவில் சேர்ந்தார். 1967இல் வந்த 'கோல்ட் ஸ்வெட்' பாட்டில் டிரம்ஸ் இவருடையது. ஃபங்க் என்ற இசை வகை எங்கே தொடங்கியது என்று கேட்டால் பலரும் கைகாட்டும் பாட்டு அது.

ஆனால் கதை இருப்பது 1969 நவம்பரில். சின்சினாட்டி ஸ்டூடியோவில் 'ஃபங்கி டிரம்மர்' பதிவாகிறது. ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஓடும் பாட்டு. நடுவில் பிரவுன் மற்ற வாத்தியங்களை நிறுத்தச் சொல்கிறார். டிரம்மரிடம், தனி ஆவர்த்தனம் எதுவும் வேண்டாம், இப்போது வாசிப்பதையே வாசி என்கிறார். இருபது விநாடி அளவுக்கு ஸ்டபிள்ஃபீல்ட் மட்டும் வாசிக்கிறார். அவ்வளவுதான்.

அந்த இருபது விநாடியில் என்ன இருக்கிறது? ஹை-ஹாட் என்ற ஜோடி உலோகத் தட்டில் இடைவிடாத பொடி நடை. ஸ்னேர் என்ற சிறிய டிரம்மில் இரண்டாவது, நான்காவது எண்ணிக்கையில் பலத்த அடி. அந்த இரண்டு அடிகளுக்கு நடுவில், காதில் விழுந்தும் விழாமலும் குச்சி தோலைத் தொட்டுவிட்டுப் போகும் மெல்லிய தட்டல்கள். வாசிப்பு முழுக்க உயிரோடு அசைவது அந்த மெல்லிய தட்டல்களால்தான். எழுதிப் பார்த்தால் எளிமையாகத் தெரியும். வாசித்துப் பார்த்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு கடினம் என்று புரியும்.

1970இல் இரண்டு பாகங்களாகச் சிங்கிள் வெளியானது. பெரிய வெற்றி என்று சொல்ல முடியாது. 1986இல்தான் அந்தப் பாட்டு ஓர் ஆல்பத்தில் இடம்பெற்றது. பழைய பதிவின் துண்டை எடுத்துப் புதுப் பாட்டில் ஒலிக்கவைக்கும் சாம்ப்ளர் கருவிகள் ஹிப்-ஹாப் கலைஞர்கள் கைக்கு வந்துகொண்டிருந்த நேரம் அது. அவர்கள் அந்த இருபது விநாடியை வெட்டி எடுத்து, திரும்பத் திரும்பச் சுழலவிட்டு, அதன்மேல் பேச ஆரம்பித்தார்கள். பப்ளிக் எனிமி எடுத்தார்கள், என்.டபிள்யூ.ஏ. எடுத்தார்கள், எல்.எல். கூல் ஜே எடுத்தார். அதற்குப் பிறகு வந்தவர்களுக்குக் கணக்கே இல்லை.

இப்போது ஹாலின் பட்டியலைப் பாருங்கள். ஜேம்ஸ் பிரவுன் 1986இல், முதல் தொகுதியிலேயே உள்ளே போய்விட்டார். பப்ளிக் எனிமி 2013இல், என்.டபிள்யூ.ஏ. 2016இல், எல்.எல். கூல் ஜே 2021இல். பாட்டின் சொந்தக்காரர் உள்ளே இருக்கிறார், பாட்டை வெட்டி எடுத்தவர்களும் உள்ளே இருக்கிறார்கள். வாசித்தவர் மட்டும் வெளியே.

காரணம் சட்டத்தில் இருக்கிறது. ஒரு பதிவில் இரண்டு உரிமைகள் உண்டு. பாட்டை எழுதியவருக்கு ஒன்று, பதிவின் உரிமையாளருக்கு ஒன்று. சம்பளத்துக்கு வாசித்த டிரம்மர் இந்த இரண்டிலும் வரமாட்டார். தாளத்தைக் கண்டுபிடித்தவர் பாட்டை எழுதியவராகக் கருதப்படுவதில்லை. அதனால் அந்த இருபது விநாடியிலிருந்து வந்த ராயல்டி எதுவும் ஸ்டபிள்ஃபீல்டைச் சேரவில்லை. பிற்காலத்தில் உடல்நலம் கெட்டு மருத்துவச் செலவில் தவித்தபோது, பாடகர் பிரின்ஸ் வெளியே சொல்லாமல் அந்தக் கடனை அடைத்தார் என்பது பிரின்ஸ் இறந்த பிறகுதான் தெரியவந்தது. ஸ்டபிள்ஃபீல்ட் 2017 பிப்ரவரியில், 73 வயதில் காலமானார்.

இவரைத் தேர்ந்தெடுப்பதிலும் விலை உண்டு. பிரவுனின் குழுவில் அதே காலத்தில் ஜான் 'ஜாபோ' ஸ்டார்க்ஸ் என்ற இன்னொரு டிரம்மர் இருந்தார். பல பாட்டுகளில் வாசித்தவர் அவர். 2018இல் இறந்தார். ஒருவரைச் சேர்த்துவிட்டு மற்றவரை விட்டால் பழைய தவறையே சின்ன அளவில் திரும்பச் செய்ததாக ஆகிவிடும். அப்புறம், 'அமென், பிரதர்' என்ற 1969 பாட்டில் சுமார் ஏழு விநாடி வாசித்த கிரிகரி கோல்மன் இருக்கிறார். அந்த ஏழு விநாடியின் மேல்தான் ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ் என்ற இசை வகைகளே எழுந்தன. கோல்மன் 2006இல், வீடுகூட இல்லாத நிலையில் இறந்துபோனார். ஸ்டபிள்ஃபீல்டுக்கு இடம் கொடுத்தால், இவருக்கு ஏன் இல்லை என்ற கேள்வி அடுத்த நாளே வரும். வரட்டும். அது வர வேண்டிய கேள்விதான்.

## மெம்பிஸ் மின்னி: முன்னோடிக்கு முன்னோடி

இயற்பெயர் லிஸ்ஸி டக்ளஸ். 1897இல் பிறந்தவர். சிறுமியாக இருக்கும்போதே வீட்டைவிட்டு வந்து மெம்பிஸ் நகரத்தின் பீல் தெருவில் கிடார் வாசித்துப் பிழைத்தவர். முப்பது ஆண்டுகளுக்கு நெருக்கமாகப் பதிவுகள் செய்தார். பெண்கள் முன்னால் நின்று பாடுவதும் ஆண்கள் பின்னால் கிடார் பிடிப்பதும் வழக்கமாக இருந்த காலத்தில், இவர் கிடார்க்காரராகவே பெயர் எடுத்தார். ஒரு கிடார் போட்டியில் மின்னியிடம் தோற்றதைப் பிக் பில் புரூன்சி தன் நூலில் தானே எழுதியிருக்கிறார். புரூன்சி சாதாரண ஆள் கிடையாது, கறுப்பின அமெரிக்கர்களின் புளூஸ் இசையில் சிக்காகோவின் பெரிய தலை.

1927இல் மிசிசிப்பி ஆறு கரை உடைத்துப் பெருவெள்ளம் வந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, மின்னியும் அவர் கணவர் கான்சாஸ் ஜோ மெக்காயும் அதைப் பற்றி 'வென் த லெவி பிரேக்ஸ்' என்ற பாட்டைப் பதிவுசெய்தார்கள். 1971இல் லெட் செப்பலின் என்ற ராக் குழு அதை எடுத்து வேறு உருவில் பாடியது, மின்னியின் பெயரையும் எழுதியவர்கள் வரிசையில் போட்டது. அந்தப் பதிவின் டிரம்ஸைத்தான் ஹிப்-ஹாப் குழுவான பீஸ்டி பாய்ஸ் 1986இல் சாம்பிள் செய்தார்கள். வெள்ளத்தைப் பற்றிய ஒரு புளூஸ் பாட்டிலிருந்து ஹிப்-ஹாப் வரை ஒரே கோடு ஓடுகிறது. இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 1929 பதிவில் பாடும் குரல் மெக்காயுடையது, மின்னியின் பங்கு கிடார். இந்தப் பாட்டை மட்டும் வைத்து அவருக்காக வாதாடினால் வாதம் பலவீனப்படும். 1941இல் வந்த 'மீ அண்ட் மை ஷோஃபர் புளூஸ்' பாட்டையும், 1942 கடைசி இரவில் சிக்காகோ விடுதி ஒன்றில் அவர் மின்சார கிடார் வாசித்ததைக் கேட்டுவிட்டுக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் பத்திரிகையில் எழுதிய பத்தியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ராக் அண்ட் ரோல் என்ற பெயர் பரவுவதற்கு ஏறத்தாழ பத்தாண்டு முன்பே ஒரு பெண் மின்சார கிடாரை முழக்கிக்கொண்டிருந்தார் என்பதுதான் இங்கே வலுவான வாதம்.

ஏன் விடுபட்டார்? கறுப்பினத்தவர், பெண், பழைய 78 சுழற்சித் தட்டுகளின் காலம். மூன்றும் சேர்ந்துவிட்டன. கடைசி ஆண்டுகளைப் பக்கவாதத்தோடு முதியோர் இல்லத்தில் கழித்து 1973இல் இறந்தார். 1996இல்தான் அவர் கல்லறைக்கு ஒரு கல் வந்தது. அதற்குப் பணம் கொடுத்தவர் பாடகி பானி ரெய்ட்.

இந்த வகைத் தேர்வுக்கு ஹாலில் முன்னுதாரணம் உண்டு. மின்னி இறந்த அதே 1973இல் இறந்தவர் சிஸ்டர் ரோஸெட்டா தார்ப். தேவாலயப் பாடல்களை மின்சார கிடாரோடு பாடி, பின்னால் வந்த ராக் கலைஞர்களின் கைக்கு வழிகாட்டியவர். அவருக்கு 2018இல் இடம் கிடைத்தது, இறந்து 45 ஆண்டுகள் கழித்து. 'ஹவுண்ட் டாக்' பாட்டை எல்விஸுக்கு முன்பே பாடிப் புகழ்பெற்ற பிக் மாமா தார்ன்டன் 1984இல் இறந்தார், இடம் கிடைத்தது 2024இல். வாசல் திறந்திருக்கிறது, ஆனால் மிக மெதுவாகத் திறக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத விலை இந்த முன்னுதாரணத்திலேயே இருக்கிறது. 'அந்த வரிசையில்தான் இரண்டு பேரைச் சேர்த்துவிட்டோமே' என்ற மனநிலை வந்துவிடும். தார்ப்பும் தார்ன்டனும் மின்னியும் வேறு வேறு காலம், வேறு வேறு இசை. அவர்களை ஒரே வகையாகப் பார்ப்பதே ஒரு அநீதி. இன்னொன்று, மின்னிக்குப் புளூஸ் உலகம் உரிய மரியாதை கொடுத்திருக்கிறது. 1980இல் புளூஸ் ஹால் ஆஃப் ஃபேம் தொடங்கியபோது முதல் தொகுதியிலேயே அவர் பெயர் இருந்தது. என் மூன்றாவது கேள்வியில் அவருக்கு மதிப்பெண் கொஞ்சம் குறைகிறது.

## ஃபங்க் பிரதர்ஸ்: ஒரு வீட்டின் அடித்தளம்

டெட்ராய்ட் நகரத்தில் மோட்டவுன் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் ஸ்டூடியோவில் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் வாசித்த வாத்தியக்காரர்கள் இவர்கள். டெம்ப்டேஷன்ஸ், சுப்ரீம்ஸ், மார்வின் கே, ஸ்டீவி வொண்டர் என்று 1960களின் மோட்டவுன் பாட்டு எதைக் கேட்டாலும் பின்னால் இருப்பது பெரும்பாலும் இவர்கள் கை. 'மை கேர்ள்' பாட்டைத் தொடங்கிவைக்கும் கிடார் வரி ராபர்ட் வைட் வாசித்தது. உலகத்தில் பாதிப் பேர் அதை முணுமுணுப்பார்கள். அவர் பெயரைக் கேட்டால் தெரியாது.

தெரியாமல் போனதற்குக் காரணம், தட்டின் உறையில் பெயரே போடவில்லை. 1971இல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' வந்தபோதுதான் அந்த வழக்கம் உடைந்தது. அடுத்த ஆண்டு நிறுவனம் லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்தது, இவர்களில் பெரும்பாலோர் டெட்ராய்ட்டிலேயே விடப்பட்டார்கள்.

ஹால் இவர்களை முழுக்கப் புறக்கணிக்கவில்லை. பாஸ் கிடாரை ஒற்றை விரலால் மீட்டி ஒரு தலைமுறைக்கே பாடம் நடத்திய ஜேம்ஸ் ஜேமர்சன் 2000இல் உள்ளே போனார். பின்னணிக் கலைஞர்களுக்கான பிரிவு தொடங்கிய முதல் ஆண்டு அது. டிரம்மர் பென்னி பெஞ்சமின் 2003இல். சிக்கல் இங்கேதான். பத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒன்றாக உட்கார்ந்து உருவாக்கிய ஒலி இது. அதில் இருவரை மட்டும் தூக்கி வைத்தால் மற்றவர்கள் இரண்டாவது முறையும் பெயர் இல்லாதவர்கள் ஆகிறார்கள்.

லாஸ் ஏஞ்சலஸில் ஆயிரக்கணக்கான பதிவுகளில் வாசித்த பாஸ் கலைஞர் கேரல் கே இதைத் தெளிவாகவே சொன்னார். 2025இல், 90 வயதில் அவருக்கு அழைப்பு வந்தது. விழாவுக்குப் போக மறுத்துவிட்டார். ஸ்டூடியோ வாத்தியக்காரர்களின் வேலை ஒரு குழுவின் வேலை, தனியாள் வேலை கிடையாது என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. எனக்கு அதைப் படித்தபோது மனம் கனத்தது. தாமதமாக வந்த மரியாதையைவிட, சரியில்லாத உருவத்தில் வந்த மரியாதை அவரை அதிகம் வருத்தியிருக்கிறது.

ஆக, இந்தத் தேர்வு சரியாக இருக்க வேண்டுமானால் குழுவாகவே சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்த்தால் 'யார் உறுப்பினர், யார் இல்லை' என்ற எல்லைக்கோட்டை யாரோ ஒருவர் போட்டாக வேண்டும். மோட்டவுன் ஸ்டூடியோவில் ஒரு நாள் வந்து வாசித்துவிட்டுப் போனவர்களும் உண்டு. கோடு எங்கே போட்டாலும் யாருக்காவது வலிக்கும்.

## நிக் டிரேக்: தானாகவே நிமிர்ந்தவர்

பாடல் எழுதி, கிடார் வாசித்துப் பாடிய ஆங்கிலேயர். நான் முதலில் இந்தப் பக்கம்தான் நின்றேன். 1969க்கும் 1972க்கும் நடுவில் மூன்று ஆல்பம். மேடை அவருக்கு ஒத்துவரவில்லை. தட்டுகள் அன்றைக்கு விற்கவே இல்லை. 1974 நவம்பரில், 26 வயதில் இறந்தார். அந்த கிடாரையும் அடங்கிய குரலையும் ஒருமுறை உள்வாங்கியவர்கள் அவருக்காக வாதாடாமல் இருக்க முடியாது.

ஆனால் என் கேள்விகளையே அவரிடம் கேட்டபோது நான் இடம் மாற வேண்டியதாயிற்று. அவரிடமிருந்து யாரும் எதையும் பறிக்கவில்லை. தயாரிப்பாளர் ஜோ பாய்ட், தன் நிறுவனத்தை விற்கும்போதுகூட டிரேக்கின் ஆல்பங்கள் எப்போதும் கடையில் கிடைக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார். அந்த ஆல்பங்கள் காத்திருந்தன. 1999இல் ஒரு கார் விளம்பரத்தில் 'பிங்க் மூன்' ஒலித்ததும் புதிய தலைமுறை ஓடிவந்து வாங்கியது. இன்று அவருக்குக் கேட்பவர்கள் இருக்கிறார்கள், பெயரும் இருக்கிறது. விற்காமல் போனதே ஒரு தடையாக இருக்கக் கூடாது என்பதற்கு 1996இல் உள்ளே போன வெல்வெட் அண்டர்கிரவுண்ட் என்ற ராக் குழு சாட்சி. டிரேக்குக்கும் ஒரு நாள் இடம் கிடைக்கட்டும். முதல் இடம் கொடுக்க அவசரம் இல்லை.

## கிங் டப்பி: வாத்தியமே வாசிக்காத இசைக்கலைஞர்

ஜமைக்காவின் கிங்ஸ்டனில் ரேடியோவும் ஆம்ப்ளிஃபையரும் பழுதுபார்த்தவர் ஆஸ்போர்ன் ரடக். அவர்தான் கிங் டப்பி. 1960களின் இறுதியில் சொந்தமாக ஒரு ஒலிபெருக்கிக் குழு தொடங்கினார், அதாவது பெரிய ஒலிபெருக்கிகளில் தட்டுகளைப் போட்டு மக்களை ஆடவைக்கும் குழு. 1970களின் தொடக்கத்தில் தனித்தனியாகப் பதிவான ஒலிகளை ஏற்றி இறக்கிக் கலக்கும், நான்கு தடம் கொண்ட ஒரு கலவை மேசையை வாங்கித் தன் வீட்டிலேயே ஸ்டூடியோ போட்டார். குளியலறையைப் பாடகர் நிற்கும் இடமாக மாற்றினார்.

அந்த மேசையில் அவர் செய்ததைக் கேளுங்கள். பதிவான பாட்டை எடுத்துக்கொண்டு குரலை அறுத்துவிடுவார். டிரம்ஸும் பாஸும் மட்டும் நடக்கும். திடீரென்று குரலின் ஒரு துண்டு வந்து எதிரொலித்துக் கரையும். கிடார் ஒரு கணம் தலைகாட்டிவிட்டு மறையும். ஒவ்வொரு முறையும் கையாலேயே, அந்தந்தக் கணத்தில். டப் என்று பெயர் வந்தது. முடிந்துபோன பாட்டைத் திரும்பப் பிரித்துப் புதுப் பாட்டாக்கலாம் என்ற எண்ணத்துக்கு அங்கே உருவம் கிடைத்தது. இன்றைக்கு ரீமிக்ஸ் என்று சொல்லும் எதையும் தொட்டாலும் அதன் அடியில் டப்பியின் விரல் இருக்கிறது. 1989இல் தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

கிங்ஸ்டனில் பிறந்து நியூயார்க்கில் ஹிப்-ஹாப்பைத் தொடங்கிவைத்த டி.ஜே. கூல் ஹெர்க் 2023இல் ஹாலுக்குள் வந்தார். ஒலிபெருக்கிக் குழு மரபைக் கடல்தாண்டிக் கொண்டுபோனவர் அவர். அவரை ஏற்றுக்கொண்ட பிறகு டப்பியை விடுவதற்குக் காரணம் சொல்வது கடினம்.

'அவர் இசைக்கலைஞரா, பொறியாளரா?' என்று கேட்பார்கள். இந்தக் கேள்வி எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை, கலவை மேசையை அவர் வாத்தியமாகத்தான் வாசித்தார். இன்னொரு தடைதான் நிஜமான தடை. டப்பி பிரித்துப் போட்ட பாட்டுகளில் டிரம்ஸும் பாஸும் வாசித்தவர்கள் வேறு யாரோ. டப்பியை உயர்த்தும்போது அவர்கள் இன்னும் ஒரு படி கீழே போகிறார்கள். முதலில் ஸ்டபிள்ஃபீல்டைப் பற்றிச் சொன்னேனே, அதே அநீதி இங்கே தலைகீழாக நிற்கிறது.

## ஒரே பார்வையில்

| தேர்வு | காதால் காட்டக்கூடிய தாக்கம் | விடுபட்ட காரணம் | ஏற்கெனவே கிடைத்தது | கண்ணுக்குத் தெரியாத விலை |
|---|---|---|---|---|
| ஸ்டபிள்ஃபீல்ட் | மிக அதிகம் | பதிவில் உரிமை இல்லை | டிரம்மர்களின் மரியாதை | ஸ்டார்க்ஸ், கோல்மன் பின்னுக்குப் போவது |
| மெம்பிஸ் மின்னி | அதிகம் | இனம், பால், காலம் | புளூஸ் உலகின் முதல் வரிசை | 'ஏற்கெனவே சேர்த்துவிட்டோம்' என்ற எண்ணம் |
| ஃபங்க் பிரதர்ஸ் | மிக அதிகம் | உறையில் பெயர் இல்லை | இருவருக்கு மட்டும் இடம் | எல்லைக்கோடு |
| நிக் டிரேக் | நடுத்தரம் | காலம் கூடிவரவில்லை | புகழ், கேட்பவர்கள் | இன்னும் பெயர் வராதவரின் இடம் போவது |
| கிங் டப்பி | மிக அதிகம் | பொறியாளர் என்ற முத்திரை | டப் ரசிகர்களிடம் பெரும் பெயர் | அசல் பதிவில் வாசித்தவர்கள் |

## எந்த நிலையில் யார்

உங்கள் நோக்கம் என்ன என்பதைப் பொறுத்து விடை மாறும். இளம் வயதினருக்கு ராக் இசையின் வேரைக் காட்டுவதற்காக ஒரு பெயர் வேண்டும் என்றால் மெம்பிஸ் மின்னியைச் சொல்லுங்கள். கேட்கப் பதிவுகள் இருக்கின்றன, கதை இருக்கிறது, கோடு அவரிடமிருந்து இன்றுவரை தெளிவாக ஓடுகிறது. ராக் என்ற சொல்லின் எல்லையையே விரிக்க வேண்டும் என்று நினைத்தால் டப்பி. ரசிகர்கள் திரண்டு வாக்களித்து ஒருவரை உள்ளே தள்ள முடியும் என்று நம்பினால் டிரேக், அவருக்குத்தான் அப்படிப்பட்ட பற்றுள்ள கூட்டம் இருக்கிறது. ஆனால் அந்தக் கூட்டம் முழுவதும் ஒரு சீட்டுக்குச் சமம் என்பதை மறக்க வேண்டாம். குழுவுக்கு மொத்தமாக இடம் கொடுக்க விதி இடம் கொடுத்தால் ஃபங்க் பிரதர்ஸ். ஒருவரைத்தான் எடுக்க முடியும் என்றால் அவர்களை விட்டுவிடுவதே அவர்களுக்குச் செய்யும் மரியாதை.

ஒரே ஓர் இடம், ஒரே ஒரு பெயர், எந்த நிபந்தனையும் இல்லை என்றால் என் சீட்டில் கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட். மின்னிக்குப் புளூஸ் உலகம் இருக்கிறது. டிரேக்குக்கு ரசிகர்கள் இருக்கிறார்கள். டப்பியின் பெயர் அவர் வெளியிட்ட தட்டுகளிலேயே பெரிய எழுத்தில் இருக்கிறது. ஃபங்க் பிரதர்ஸில் இருவராவது உள்ளே இருக்கிறார்கள். ஸ்டபிள்ஃபீல்டின் வாசிப்பு இத்தனை பேர் பாட்டில் ஒலித்தும், அதில் ஒரு பாட்டில்கூட அவருக்கு உரிமை இல்லை, பெரும்பாலானவற்றில் பெயரும் இல்லை. ஹாலில் இடம் கிடைத்தால் அந்த ராயல்டி வரப்போவதில்லை, அவரும் திரும்பி வரப்போவதில்லை. ஆனால் சுவரில் எழுதப்பட்ட பெயரை அதற்குப் பிறகு யாரும் வெட்டி எடுத்துவிட்டுப் போக முடியாது. முடிந்தால் பக்கத்திலேயே ஜாபோ ஸ்டார்க்ஸ் பெயரையும் எழுத வேண்டும்.

நீங்கள் வேறு முடிவுக்கு வந்தாலும் சரி. அதற்கு முன்னால் 'ஃபங்கி டிரம்மர்' முழு நீளப் பதிவை ஒருமுறை போடுங்கள். ஐந்து நிமிடம் தாண்டும்வரை பொறுங்கள். ஊதுகுழல்கள் ஒதுங்கும், கிடார் ஒதுங்கும், பாஸ் ஒதுங்கும். அப்போது தனியாக ஒலிப்பது அவர்.